விருது விழாவில் கைதட்டச் சொல்பவள்

டிவியில் விருது விழா பார்க்கும்போது, பாடகரைக் காட்டிவிட்டுச் சட்டென்று கூட்டத்தைக் காட்டுவார்களே, அங்கே சிரித்துக்கொண்டு கை தட்டுகிறவர்களைக் கூட்டிவந்து உட்கார வைத்து, எப்போது தட்ட வேண்டும் என்று சொல்வதுதான் என் தொழில். சேலத்தில் ஒரு சின்ன சேனல். என் அடையாள அட்டையில் 'ஆடியன்ஸ் கோஆர்டினேட்டர்' என்று போட்டிருக்கும். சின்ன சேனல் என்பதால் ஆளுக்கு நாலு வேலை. விருது வாங்குகிறவர்களுக்குப் போன் செய்வது, வந்தவர்களுக்கு டிபன் கொடுப்பது, மேடைக்குப் பக்கத்தில் நின்று ஆளை ஏற்றி இறக்குவது எல்லாம் நான்தான்.

பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்ட ஒருவரை, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று எழுப்பிவிட நேர்ந்தவர்கள் உங்களில் இருக்கலாம். மேலே இருப்பவர் சொல்லச் சொன்ன பொய்யை, கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வரிசையில் நிற்பவரிடம் சொன்னவர்களும் இருக்கலாம். உங்களுக்குத்தான் என் பாடு புரியும். போன வருட விழாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

பத்தாண்டின் குரல்

விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு சினிமாப் பாடகர் வர ஒப்புக்கொண்டிருந்தார். பேர் வேண்டாம். அவர் வந்தால்தான் விளம்பரம் கிடைக்கும் என்று எங்கள் தயாரிப்பாளர் முரளி சார் அவர் பின்னாலேயே அலைந்து பிடித்திருந்தார். சிறந்த பாடகர் விருது அவருக்குத்தான். இங்கே விருது முதலில் வராது. யார் வருகிறார்கள் என்பது முதலில் தெரியும், அதற்கு ஏற்ற மாதிரி விருது பின்னால் வரும்.

விழாவுக்கு முந்தின வாரம் அவருடைய மேனேஜர் போன் செய்தார். ஒரு விருதுக்காக சேலம் வரைக்கும் காரில் வருவது சாருக்குச் சரிப்படாது, இன்னொன்றும் சேர்த்துக் கொடுங்கள் என்றார். முரளி சாரிடம் கேட்டேன். "குடுத்துடு. பத்தாண்டின் குரல்னு ஒண்ணு போட்டுக்கோ" என்று ஒரு நொடியில் விருதை உண்டாக்கினார். ஷீல்டு செய்கிற கடையில் இன்னொன்று இப்போதைக்கு முடியாது என்றார்கள். அதை விழாவன்று சமாளித்துக்கொள்ளலாம் என்றார் முரளி சார். எனக்குத்தான் ஒரு உறுத்தல். அந்தப் பாடகர் சினிமாவுக்கு வந்தே மூன்று வருடம்தான் ஆகிறது. மேனேஜரிடம் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அதனால என்ன மேடம், மீதி ஏழு வருஷமும் சார் பாடிடுவாரு, நீங்க போட்டுக்கங்க."

முதலில் அழுகை

எங்கள் விழாவில் மேடைக்கு ஆள் வரும் முன்பே கைதட்டல் வந்துவிடும். காலையில் மேடையில் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் கூட்டத்தை உட்கார வைத்து, கைதட்டல், சிரிப்பு, ஆச்சரியம், கண்ணைத் துடைத்துக்கொள்வது என்று வகைவகையாக எடுத்து வைத்துக்கொள்வோம். எடிட்டிங்கில் எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டிக்கொள்வார்கள். போன வருடம் வெண்ணந்தூரிலிருந்து ஒரு பஸ் நிறைய தறி ஓட்டுகிற பெண்களைக் கூட்டிவந்திருந்தேன். தறிக்கு லீவு விட்டுவிட்டு, தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு, பாடகர்களை நேரில் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் வந்தவர்கள். அவர்களைக் காலி மேடையைப் பார்த்துக் கை தட்டச் சொன்னேன்.

முன்னால் இருந்த ராசம்மா என்ற பெரியம்மா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆருக்குங்க சாமி தட்டறோம்?" என்று கேட்டார். யாராவது வருவார்கள், வந்ததும் அவர்களுக்குச் சேர்த்துவிடுவோம் என்றேன். சிரிக்கச் சொன்னபோது, "என்னத்துக்குன்னு சொன்னீங்கன்னா சிரிக்கலாமுங்க" என்றார். கேமராமேன் பொறுமை இழந்து என்னைப் பார்த்தார். அந்த அம்மாவை நான் எரிச்சலோடு பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர் உடனே பதறிப்போய் என் கையைத் தொட்டுச் சமாதானம் சொன்னார்.

"கோவிச்சுக்காத சாமி, அழுகறது எப்பன்னு மட்டும் முன்னாடியே சொல்லிப்போடு, நெனச்சுக்கறதுக்கு எனக்கு ஊட்டுல நெறைய இருக்குது."

அவர் அழுதார். கேமராமேன் ரொம்ப நேரம் எடுத்தார். நான் வாக்கிடாக்கியில், ஓகே, அழுகை முடிந்தது என்று சொன்னேன்.

வெள்ளைச் சட்டை

நேயர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற விருது ஒன்று உண்டு. எங்கள் விழாவில் அது ஒன்றுதான் நாங்கள் கை வைக்காத விருது. போன வருடம் அது செல்லமுத்து அண்ணனுக்குக் கிடைத்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய், வருடத்தில் முக்கால்வாசி நாள் சத்தீஸ்கரில் கிடப்பவர். ஊருக்கு வருகிற தேதியை மனைவியிடம் தள்ளித் தள்ளிச் சொல்கிற ஒருவனைப் பற்றித் தானே ஒரு பாட்டுக் கட்டி, வண்டி ஓரத்தில் நின்று பாடியிருக்கிறார். கூட வேலை செய்தவர் அதை செல்போனில் எடுத்துவிட, அது ஊரெல்லாம் சுற்றியது. முதலாளியிடம் லீவு கேட்டு, ரயில் பிடித்து, மனைவி மல்லிகாவோடு வந்துவிட்டார். விருதுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

முரளி சார் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "என்ன இது, எலக்‌ஷன்ல நிக்கிறவர் மாதிரி வந்திருக்காரு. ரிக்காரர்னா ரிக்காரர் மாதிரி இருக்கணும். காஸ்ட்யூம்ல சொல்லி மாத்தச் சொல்லு" என்றார். அதை அப்படியே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அண்ணா, வெள்ளை கேமராவுல கண்ணைப் பறிக்குமுங்க, அதனால வேற சட்டை போட்டுக்கலாமுங்களா?" என்றேன். "அப்புடீங்களா, போன்லயே சொல்லியிருந்தீங்கன்னா நீலச் சட்டையக் கொண்டாந்திருப்பனுங்க" என்று அவர்தான் என்னிடம் வருத்தப்பட்டார்.

காஸ்ட்யூம் பையன் ஒரு காக்கிச் சட்டையைக் கொண்டுவந்தான். முதுகிலும் கையிலும் மேக்கப் பவுடரைக் குழைத்துச் சேறு மாதிரி பூசியிருந்தார்கள். செல்லமுத்து அண்ணன் அதை விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெள்ளை கண்ணைப் பறிப்பதற்கும் சேறு பூசுவதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்தார்.

"பரவால்லீங்க அம்மிணி, இத மட்டும் மடிப்புக் கலையாம வெச்சிருங்க, ஊட்டுக்குப் போறப்ப போட்டுட்டுப் போகோணும்."

மல்லிகாவின் கேள்வி

மல்லிகாவை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அந்த ஒரு காரியமாவது ஒழுங்காகச் செய்தோம் என்று எனக்கு ஒரு திருப்தி. மதியத்துக்கு மேல் சினிமாப் பாடகர் வந்து இறங்கினார். கூடவே ஆறேழு பேர். அவர்களுக்கு இடம் விட, மல்லிகாவையும் இன்னும் சிலரையும் எழுப்பி ஓரத்துக்கு மாற்றினேன். தூண் மறைக்கிற நாற்காலிதான் மிச்சமிருந்தது. அந்தப் பெண் முனகாமல் எழுந்து போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கையைக் காட்டிக் கூப்பிட்டார். தண்ணீர் கேட்பார் என்று நினைத்துப் போனேன். அவர் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சினிமாப் பாடகர் போட்டிருந்தது பளீரென்ற வெள்ளை ஜிப்பா.

"ஏனுங்க, அவருக்கு மட்டும் வெள்ளை கண்ணப் பறிக்காதுங்களா?"

ஏசி

செல்லமுத்து அண்ணன் மேடை ஏறினார். சேறு பூசிய காக்கிச் சட்டையைப் பார்த்ததும், நான் கை காட்டாமலேயே கூட்டம் தட்டியது. முதலில் பாட்டு. பதிவு செய்ததை ஓடவிடுவோம், நீங்கள் வாயை மட்டும் அசையுங்கள் என்று சொல்லிவைத்திருந்தோம். அவருக்கு அது வரவில்லை. பாடாமல் வாயசைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் நிஜமாகவே பாடிவிட்டார். மைக்கில் சத்தம் கிடையாது. ஸ்பீக்கரில் செல்போன் பதிவு ஓடியது. மேடைப் படிக்கட்டில் நின்ற எனக்கு மட்டும் அவருடைய உண்மையான குரல் கேட்டது. அது ஸ்பீக்கரில் வந்ததைவிட நன்றாக இருந்தது. மைக்கைத் திறந்துவிடச் சொல்லி வாக்கிடாக்கியில் கேட்டேன். நேரமாகிறது, பாதியில் நிறுத்து என்று பதில் வந்தது.

பாட்டை வெட்டிவிட்டு, தொகுப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல பையன்தான். ஆனால் எழுதிக் கொடுத்ததைத்தான் பேசுவான். "வெயில்லயும் மண்ணுலயும் கிடக்கிற நீங்க, இப்படி ஒரு ஏசி ஹால்ல நிக்கறது எப்படி இருக்கு?" என்று கேட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். செல்லமுத்து அண்ணன் குரலில் கோபமே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"எங்க வண்டி கேபின்லயும் ஏசி இருக்குதுங்க, இங்கதான் சரியா வரமாட்டேங்குது."

இரண்டாவது ஷீல்டு

விருதை வாங்கிக்கொண்டு அவர் இரண்டு வார்த்தை பேசினார். லீவு கொடுத்த முதலாளிக்கு நன்றி சொன்னார். பிறகு, "எங்கம்மா பாவாயி இருந்திருந்தா இத பாத்துட்டு அழுதிருக்குமுங்க" என்றார். அவ்வளவுதான். இறங்கி வந்து ஷீல்டை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு, என்னிடமிருந்து வெள்ளைச் சட்டையை வாங்கிக்கொண்டு மாற்றப் போனார்.

அப்போதுதான் முரளி சாருக்குப் பத்தாண்டின் குரல் ஞாபகம் வந்தது. சினிமாப் பாடகர் சிறந்த பாடகர் விருதை வாங்கி, அது அவருடைய காருக்கே போய்விட்டது. இரண்டாவது விருதுக்கு ஷீல்டு இல்லை. "அந்த ரிக்காரர்கிட்ட இருக்கிறதை வாங்கிட்டு வா. அவருக்கு கூரியர்ல அனுப்பிக்கலாம்" என்றார். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். "நீதான் ஜனங்ககிட்ட பக்குவமாப் பேசுவே" என்றார். நான் போகாமல் நின்றிருக்கலாம். அப்படி நிற்க முடியும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அங்கே கால் தானாக நடந்தது.

மல்லிகா தூணுக்குப் பின்னால் ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கிற தங்கச்சிக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார். போனில் நாலைந்து முகங்கள் முண்டியடித்துப் பார்த்தன. நான் குனிந்து, பேர் பொறிக்க வேண்டும், கொடுங்கள், வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்றேன். அன்றைக்கு இரண்டாவது பொய். மல்லிகா ஒரு கணம் யோசித்துவிட்டு, முந்தானையால் ஒரு தடவை துடைத்துக் கொடுத்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, போனிலிருந்து தங்கச்சியின் குரல் பின்னாலேயே வந்தது.

"ஏனக்கா, குடுத்துப்போட்டு எதுக்குப் புடுங்கிக்கறாங்க?"

யாரோ ஒரு அம்மா

பொங்கலன்று காலையில் விழாவை ஒளிபரப்பினோம். நான் கரும்பைக் கடித்துக்கொண்டு வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லமுத்து அண்ணன் பேசுகிற இடம் வந்தது. "எங்கம்மா" என்ற சொல்லோடு வெட்டியிருந்தார்கள். உடனே சோகமாக ஒரு வயலின். திரை முழுக்க வெண்ணந்தூர் ராசம்மா, மெதுவாக ஓடுகிற காட்சியில், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே 'மகனின் வெற்றியில் நெகிழும் தாய்' என்று எழுத்து ஓடியது. கரும்பை வைத்துவிட்டேன்.

முதலில் ராசம்மாதான் கூப்பிட்டார். அவருக்கு ஒரே சந்தோஷம். டிவியில் வந்துவிட்டாராம், ஆனால் ரெண்டும் பொட்டப்புள்ளையா இருக்கற எனக்கு மகன் எங்கிருந்து வந்தான் என்று ஊரில் கேட்கிறார்களாம், என்ன சொல்லட்டும் சாமி என்றார். அடுத்து மல்லிகா. அவர் சத்தம் போடவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "எங்க மாமியாரு போய்ச் சேந்து வருசம் பல ஆச்சுங்க. சொந்தக்காரங்க எல்லாம் அது ஆருன்னு கேக்கறாங்க. இவரு டிவிய அமத்திப்போட்டு வெளிய போய் உக்காந்துட்டாருங்க" என்றார்.

மறுநாளே முரளி சாரிடம் போனேன். யூடியூபில் போட்டிருப்பதிலாவது அந்த இடத்தை எடுத்துவிடலாம், அவருடைய அம்மா உயிரோடு இல்லை என்றேன். முரளி சார் கெட்டவர் இல்லை. உச்சுக் கொட்டினார். கம்ப்யூட்டரில் அந்தக் காட்சியை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். எல்லாரும் பகிர்வது அந்த ஒரு இடத்தைத்தான் என்று காட்டினார். பிறகு உண்மையாகவே புரியாமல் என்னைக் கேட்டார்.

"அவங்கம்மா இல்லைன்னா என்ன கவிதா, யாரோ ஒரு அம்மா அழுதாங்கல்ல?"

பெயர்

கடையிலிருந்து புது ஷீல்டு வந்ததும் கூரியரில் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். செல்லமுத்து அண்ணன் அதற்குள் சத்தீஸ்கருக்குப் போய்விட்டிருந்தார். மல்லிகாதான் இருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும், "உள்ள வாங்க" என்று சொல்லி, காப்பி வைத்துக் கொடுத்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். சட்டை விஷயத்தில் சொன்னது பொய் என்றேன். ஷீல்டு விஷயத்தில் சொன்னதும் பொய் என்றேன். அந்தக் காட்சியை நீக்கச் சொல்லிப் பார்த்தும் என்னால் முடியவில்லை என்றேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "தெரியுமுங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஷீல்டைப் பையிலிருந்து எடுத்து, முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தார். சேனல் பேர் பெரிதாக இருந்தது. இரும்புக் கம்பி விளம்பரம், நகைக்கடை விளம்பரம் இருந்தன. "ஏனுங்க, அவரு பேரே இல்லீங்களே" என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். இத்தனை வருடமாக எத்தனையோ பேருக்குக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூட அதை நான் படித்ததில்லை. எங்கள் ஷீல்டு எதிலுமே பேர் கிடையாது. யார் வந்தாலும் கொடுக்கலாம், யாரிடமிருந்தும் வாங்கி யாருக்கும் கொடுக்கலாம் என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"வாங்க, பேர் போட்டுட்டு வந்துரலாம்" என்று எழுந்தேன். மல்லிகா கொஞ்சம் யோசித்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற ஒரு கடை திறந்திருந்தது. கடைக்காரர் ஷீல்டை வாங்கி, அடியில் இருந்த பித்தளைப் பட்டையைத் துடைத்துப் பார்த்து, இடம் இருக்கிறது என்றார். செல்லமுத்து அண்ணனை அவருக்கும் தெரிந்திருந்தது. "ரிக் செல்லமுத்துன்னு போட்டுரலாமுங்களா? டிவில அப்புடித்தான் வந்துச்சு" என்றார். நான் மல்லிகாவைப் பார்த்தேன். மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரரின் கையிலிருந்த கருவியையே பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"ரிக்கு வேண்டாமுங்க, பாவாயி மகன் செல்லமுத்துன்னு போடுங்க."

ஜனங்களிடம் பக்குவமாகப் பேசுவேன் என்று இந்த வருட விழாவையும் என் பொறுப்பிலேயே விட்டிருக்கிறார்கள். என்னைப் பற்றி இதைவிட வெட்கக்கேடான நற்சான்று வேறு யாரும் கொடுத்ததில்லை.